ஆங்கிலோ-சாக்சன் வெள்ளி ஊக்குகள்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கு இங்கிலாந்தில், நார்விச் நகருக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். மழை இல்லாத ஞாயிறுகளில், உரிமையாளர் அனுமதி கொடுத்த உழுத வயல்களில் மெட்டல் டிடெக்டருடன் நடப்பது என் பொழுதுபோக்கு. ஊரிலிருந்து யார் வந்தாலும் விடமாட்டேன். நார்விச் கோட்டை அருங்காட்சியகத்துக்கு இழுத்துக்கொண்டு போய் ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நிறுத்திவிடுவேன். அங்கே வந்து விழுகிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். வாட்ஸ்அப்பில் தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டதால் இங்கே ஒரேயடியாகத் தொகுத்துவிட்டேன். கேட்டவர்களின் சொற்களைக் கூடியவரை மாற்றவில்லை.

ஆங்கிலோ-சாக்சன் என்கிறீர்களே, அது எந்தக் காலம்? வெள்ளைக்காரர்கள் எல்லாரும் அவர்கள்தானா?

இல்லை. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் ரோம ஆட்சி முடிந்தது. அதன் பிறகு இன்றைய வட ஜெர்மனி, டென்மார்க், நெதர்லாந்து கடற்கரைகளிலிருந்து வந்து குடியேறியவர்களும், அவர்களோடு கலந்துபோன உள்ளூர் மக்களும் சேர்ந்ததுதான் இந்தச் சமூகம். 1066இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தை வென்றதோடு அந்தக் காலம் முடிந்ததாகக் கணக்கு வைப்பார்கள். ஆக, சுமார் 600 ஆண்டுகள்.

இந்த 600 ஆண்டுகளை ஒரே மூட்டையாகக் கட்டிவிடக் கூடாது. முதல் 200 ஆண்டுகளில் பல சிற்றரசுகள். இறந்தவரை நகையோடு புதைக்கும் பழக்கம். 597இல் ரோமிலிருந்து அகஸ்டின் கென்ட் பகுதிக்கு வந்த பிறகு கிறிஸ்தவம் பரவியது. 8ஆம் நூற்றாண்டு பிறந்து கொஞ்ச காலத்துக்குள் நகையோடு புதைப்பது நின்றுபோனது. ஊக்குகளின் வரலாற்றில் இந்தத் திருப்பம் பெரிது. ஏன் என்று கீழே வரும்.

வெறும் ஊக்குதானே? அதற்கு ஏன் இத்தனை பெயர்?

ஊக்குதான், ஆனால் ஒரே வகை இல்லை. பெரியது புரூச்: முன்னால் அலங்காரத் தகடு, பின்னால் ஊசி, ஊசி முனையைப் பிடித்துக்கொள்ள ஒரு மடிப்பு. இன்றைய சேஃப்டி பின்னை ஒரு தட்டின் முதுகில் ஒட்டியது போல நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது அலங்காரத் தலை வைத்த நீண்ட ஊசி. இங்கிலாந்தில் விதம் (Witham) என்ற ஆற்றில் 1826இல் கிடைத்த மூன்று ஊசிகள் சங்கிலித் தகடுகளால் ஒன்றோடொன்று கோக்கப்பட்டவை. வெள்ளியில் செய்து பொன்முலாம் பூசியவை.

மூன்றாவது வார்முனை. இடுப்பு வாரின் நுனி நைந்துபோகாமலும் கனமாகத் தொங்கவும் மாட்டிய நாக்கு வடிவத் தகடு. நான்காவது கொக்கித் தகடு, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது: ஒரு பக்கம் துணியோடு தைக்க இரண்டு துளைகள், மறுபக்கம் வளைந்த ஒரு கொக்கி. நம் ரவிக்கைக் கொக்கியின் பணக்கார உறவினர் என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய புரூச்சுகள் புகழை வாரிக்கொண்டாலும் வயலில் அதிகம் அகப்படுபவை இந்தக் கடைசி இரண்டும்தான். அவற்றிலும் பெரும்பாலானவை செம்புக் கலவை, வெள்ளி குறைவு.

பொத்தான் வைத்துத் தைக்கத் தெரியாதா அவர்களுக்கு?

அந்தக் காலத்து உடை நெய்த துணியை அதிகம் வெட்டாமல் சுற்றியோ தொங்கவிட்டோ கட்டுவது. 5, 6ஆம் நூற்றாண்டுப் பெண்கள் குழாய் போன்ற ஓர் உடையை இரண்டு தோள்களிலும் இரண்டு புரூச்சுகளால் பிடித்து நிறுத்தினார்கள். இரண்டுக்கும் நடுவே மணிச்சரங்கள். மேலே போர்வை போட்டால் மூன்றாவது புரூச் ஒன்று. கிழக்குப் பகுதியில் சட்டைக் கையின் மணிக்கட்டுப் பிளவைப் பூட்டக் கொக்கியும் வளையமுமாக ஜோடித் தகடுகள் தைத்துக்கொண்டார்கள்.

7ஆம் நூற்றாண்டில் உடை மாறியது. தோள் ஜோடிகள் மறைந்தன. சிறு ஊசிகளும் ஒற்றைப் புரூச்சும் வந்தன. பிற்காலத்தில் ஆண்கள் மேலங்கியை வலது தோளிலும், பெண்கள் பெரும்பாலும் நெஞ்சின் நடுவிலும் பூட்டியதாக ஓவியங்கள் காட்டுகின்றன. இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி புரூச்சின் முதுகில் இருக்கிறது. கல்லறைகளில் கிடைத்தவற்றின் பின்புறத்து ஊசி பெரும்பாலும் இரும்பு. அது துருப்பிடிக்கும்போது அருகிலிருந்த துணியின் இழைகளும் துருவில் ஊறிக் கல்லாகிவிடும். துணி மக்கி ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் ஆன பிறகும், அந்த மணியளவுத் துருவை உருப்பெருக்கியில் வைத்தால் நூல் எந்தப் பக்கம் முறுக்கியது, நெசவு சாதாரணமா சாய்வரியா என்பது தெரிகிறது.

வெள்ளியில் அந்தக் கறுப்புக் கோடுகள் அழுக்கா, வேலைப்பாடா?

வேலைப்பாடு. அதன் பெயர் நியெல்லோ. வெள்ளியையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கினால் கறுப்பான வெள்ளி சல்பைடு கிடைக்கும். அதைப் பொடித்து, உளியால் வெட்டிய பள்ளங்களில் நிரப்பி, சூட்டில் இளக்கி, அழுத்தித் தேய்த்து மட்டமாக்குவார்கள். வெள்ளை வெள்ளியின் மேல் கறுப்புப் பின்னணி. அதன் நடுவே வெள்ளையாகவே விடப்பட்ட மிருகங்கள் துள்ளி எழும்.

கலப்படமில்லாத வெள்ளி சல்பைடு தண்ணீர்போல் உருகி ஓடாது. அதற்கு முன்பே சிதையத் தொடங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு பள்ளத்திலும் கையால் அழுத்தித்தான் நிரப்ப வேண்டும். பிற்காலக் கைவினைஞர்கள் செம்பையும் ஈயத்தையும் சேர்த்து எளிதாக உருகும்படி செய்துகொண்டார்கள். இந்தச் சின்ன வேதியியல் வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், போலி பற்றிய கேள்வியில் தேவைப்படும்.

விபூதி போட்டுத் துலக்கினால் பளிச்சென்று ஆகிவிடுமே, ஏன் தம்பி கறுப்பாகவே வைத்திருக்கிறார்கள்?

என் சித்தி கேட்டது. நம் வீட்டுக் குத்துவிளக்குக்கும் வெள்ளிக் கிண்ணத்துக்கும் சரி, இதற்கு வேண்டவே வேண்டாம் சித்தி. மண்ணில் கிடந்த வெள்ளியின் மேல்தோல் உப்போடு சேர்ந்து மாவாகியிருக்கும். தேய்த்தால் அந்த மாவோடு கோடுகளும் போகும். ரசாயனத்தில் முக்கினால் அழுக்கு எது, நியெல்லோ எது என்று அதற்குத் தெரியாது. இரண்டும் வெள்ளி சல்பைடுதானே! பழுதுபார்ப்பு நிபுணர்கள் நுண்ணோக்கியின் கீழ் முள்ளாலும் பஞ்சாலும் மணிக்கணக்கில் எடுப்பது அதனால்தான்.

இதை நான் ஏட்டில் படித்துக் கற்கவில்லை. இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்கிய முதல் ஆண்டில் ஒரு வார்முனை கிடைத்தது, நாலு சென்டிமீட்டர் இருக்கும். களிமண் அப்பியிருந்தது. ஆவலில் அங்கேயே கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தேன். நுனியில் ஒரு மிருக முகம் வந்தது, காற்புள்ளி போல வளைந்த காதுகளோடு. கூடவே அதன் நெற்றியிலிருந்து கறுப்பாக ஒரு பொருக்கு உதிர்ந்து சேற்றில் விழுந்தது. அரை மணி நேரம் முழந்தாளிட்டுத் தேடினேன், கிடைக்கவில்லை. அந்த நெற்றி இன்னமும் மொட்டையாகத்தான் இருக்கிறது.

இங்கிலாந்தில் ஏது அவ்வளவு வெள்ளி?

அதிகம் தோண்டி எடுக்கவில்லை, அதிகம் உருக்கினார்கள். தொடக்கத்தில் ரோமர் விட்டுச் சென்ற தட்டுகளும் நாணயங்களும்தான் மூலப்பொருள். பிறகு எங்கிருந்து வந்தது என்பதற்கு நாணய ஆய்வு ஒரு விடை சொல்கிறது: 2024இல் வெளியான ஆய்வின்படி, 660 முதல் 750 வரையிலான வெள்ளிக்காசுகளின் உலோகம் பைசாண்டியப் பேரரசின் வெள்ளிப் பாத்திரங்களோடு ஒத்துப்போகிறது; அதற்குப் பிந்தைய காசுகளில் பிரான்சின் மெல் சுரங்க வெள்ளி தலைகாட்டுகிறது. நகை செய்தவர்களும் இதே வெள்ளியைத்தான் உருக்கியிருக்க வேண்டும்.

தமிழ் வாசகர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டிய இடம் ஒன்று இங்கே உண்டு. 6ஆம் நூற்றாண்டுக் கென்ட் பகுதிப் பெண்கள் அணிந்த வட்ட வெள்ளிப் புரூச்சுகளில் ஆப்பு வடிவில் சிவப்புக் கற்கள் பதித்திருக்கும். கல் கார்னெட், நம் கடற்கரை மணலில் பொடியாகக் கிடக்கும் அதே இனம். அக்கால ஐரோப்பிய நகைகளின் கார்னெட்டுகளை வேதி ஆய்வு செய்தபோது பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் ஒரு பகுதி இலங்கையிலிருந்தும் போனவை என்று தெரிந்தது. 7ஆம் நூற்றாண்டில் அந்த வரத்து சுருங்கி, இன்றைய செக் நாட்டின் பொஹீமியாவிலிருந்து வந்த சிறு கற்கள் அந்த இடத்தைப் பிடித்தன. கென்ட்டில் ஒரு பெண்ணின் நெஞ்சில் மின்னிய கல் நம் கடலைப் பார்த்திருக்கலாம் என்று சொன்னதும் என் நண்பர் ஒருவர் கண்ணாடிப் பெட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

அந்த மிருகங்கள் என்ன? நாயா, பல்லியா, யாளியா?

எதுவாகவும் இல்லாமல் எல்லாமாகவும் இருப்பவை. 9ஆம் நூற்றாண்டு வேலைப்பாட்டுக்கு டிரிவிடில் பாணி என்று பெயர். கார்ன்வாலில் அந்தப் பெயருள்ள இடத்தில் 1774இல் தகரச் சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு புதையலைக் கண்டெடுத்தார்கள். உள்ளே இருந்த நாணயங்களை வைத்து அது 868 வாக்கில் புதைக்கப்பட்டது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மணி கோத்தது போன்ற கோடுகளால் பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரிப்பது, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குட்டி மிருகத்தை மடக்கி அடைப்பது, அதன் உடலில் சிறு வெட்டுகள் போடுவது, சுற்றிலும் நியெல்லோ: இவை அந்தப் பாணியின் அடையாளங்கள்.

பிரிட்டிஷ் மியூசியத்திலுள்ள ஸ்ட்ரிக்லாண்ட் புரூச்சைப் பாருங்கள். 11 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான வட்டம். வெள்ளித் தகட்டை ஊடுவெட்டாகக் குடைந்து, பொன் பதித்து, நியெல்லோ நிரப்பியது. நாய் முகங்களின் கண்களில் கடுகளவு நீலக் கண்ணாடி. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் அவை உங்களையே பார்க்கத் தொடங்கும்.

புரூச்சில் ஐம்புலன்களையும் செதுக்கியிருக்கிறார்களாமே, உண்மையா?

உண்மை. அதே மியூசியத்திலுள்ள ஃபுல்லர் புரூச், 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, விட்டம் 11.4 சென்டிமீட்டர். நடுவில் பெரிய விழிகளோடு பார்வை. சுற்றி நால்வர்: வாயில் கை வைத்திருப்பது சுவை, செடியை மோந்து பார்ப்பது நாற்றம், கைகளை ஒன்றோடொன்று தேய்ப்பது ஊறு, காதருகே கையை வைத்தபடி ஓடுவது ஓசை. வெளி விளிம்பில் மனிதர், பறவை, விலங்கு, செடி என்று 16 சிறு வட்டங்கள். ஐம்புலன்களையும் உருவங்களாகக் காட்டுபவற்றில் இன்றைக்கு நமக்குத் தெரிந்த மிகப் பழையது இதுவே.

பார்வையை ஏன் நடுவில் வைத்தார்கள் என்பதற்கு ஆய்வாளர்கள் ஆல்ஃபிரட் மன்னரின் அவையைக் காட்டுகிறார்கள். லத்தீன் நூல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த அந்த அவையில் மனக்கண் என்பது பெரிதும் பேசப்பட்ட கருத்து. எனக்கு இந்த விளக்கம் பிடித்திருக்கிறது. ஆனால் காதில் கை வைத்து ஓடுகிற ஆளைப் பார்க்கும்போது, தத்துவத்தைவிட அதைச் செதுக்கியவனின் குறும்புதான் முதலில் தெரிகிறது.

அந்தப் புரூச்சையே போலி என்று தூக்கிப் போட்டார்கள் என்கிறார்களே?

ஆமாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது வெளிச்சத்துக்கு வந்தபோது எங்கே கிடைத்தது என்று சொல்ல ஆள் இல்லை. தவிர, ஆயிரம் ஆண்டுப் பொருளுக்குரிய சிதைவே இல்லாமல் முழுசாக இருந்தது. இவ்வளவு நன்றாக இருந்தால் போலிதான் என்று நிபுணர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். கேப்டன் ஃபுல்லர் என்ற சேகரிப்பாளர் அதை வெள்ளியின் எடை விலைக்கு வாங்கினார்.

1949இல் ஸ்ட்ரிக்லாண்ட் புரூச் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தது. அளவிலும் வேலைப்பாட்டிலும் நெருங்கிய இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வழி பிறந்தது. நியெல்லோவை ஆராய்ந்தபோது, மேலே நினைவில் வைக்கச் சொன்னேனே, அந்தப் பழைய வகை வெள்ளி சல்பைடு. செம்பும் ஈயமும் கலந்த பிற்கால வகை இல்லை. ஃபுல்லர் 1952இல் அதை மியூசியத்துக்கு இலவசமாகவே கொடுத்தார். ஒரே நிபந்தனை: என் பெயரால் அழைக்க வேண்டும். நியாயமான ஆசைதான்.

யாருடையது என்று பெயர் எழுதி வைத்தவை உண்டா?

மிகச் சில. 1694இல் கேம்பிரிட்ஜ்ஷயரில், ஈலி நகருக்குப் பக்கத்துச் சட்டன் ஊரில் உழும்போது ஒரு பெரிய வட்ட வெள்ளிப் புரூச் கிடைத்தது. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், கப்பல் கல்லறை கிடைத்த சட்டன் ஹூ வேறு. கூடவே பொன் மோதிரங்களும் வில்லியம் மன்னரின் காசுகளும். முன்புறத்து வேலைப்பாடு, உண்மையைச் சொன்னால், சுமார்தான். திருப்பினால் விளிம்பைச் சுற்றிப் பழைய ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது: "ஏட்வென் என்னை உடையாள், அவளை ஆண்டவர் உடையாராக. அவளாக மனமுவந்து கொடுத்தாலன்றி என்னை அவளிடமிருந்து எடுப்பவனை ஆண்டவர் சபிப்பாராக." இன்னொரு பட்டையில் ரூன் என்ற பழைய ஜெர்மானிய எழுத்து மாதிரி ஏதோ இருக்கிறது, பொருள் பிடிபடவில்லை. 1070 வாக்கில் ஈலிப் பகுதியில் நார்மன்களை எதிர்த்துக் கலகம் நடந்தது. அந்தப் பதற்றத்தில் புதைத்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. கண்டெடுத்த பின்பு தொலைந்துபோய், 20ஆம் நூற்றாண்டில்தான் மீண்டும் தென்பட்டது. 1951 முதல் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. சாபம் யார் மேல் விழும் என்று வருகிற குழந்தைகள் தவறாமல் கேட்கிறார்கள்.

எங்கள் நார்விச்சிலும் ஒன்று உண்டு. ஹார்ஃபோர்ட் ஃபார்ம் என்ற இடத்தின் கல்லறைக் களத்தில் 1990இல் அகழாய்வாளர்கள் எடுத்த 7ஆம் நூற்றாண்டுப் புரூச். முன்புறம் பொன்னும் கார்னெட்டும். முதுகுத் தகடு வெள்ளி. அதில் ரூன் எழுத்தில் ஒரு வரி: லுடா இந்தப் புரூச்சைப் பழுதுபார்த்தான். இந்த ஊரின் ஒரு பத்தர் 1,300 ஆண்டுகளுக்கு முன்னால் வேலை முடிந்ததும் போட்ட கையெழுத்து. நான் எல்லாரையும் இழுத்துப் போய் நிறுத்துகிற கண்ணாடிப் பெட்டி இதுதான்.

இவ்வளவு விலையுயர்ந்ததை எப்படித் தொலைத்தார்கள்?

மூன்று வழிகள். முதல் வழி கல்லறை: தொலைக்கவில்லை, கொடுத்து அனுப்பினார்கள். முதல் கேள்வியில் சொன்னபடி 8ஆம் நூற்றாண்டில் இது நின்றுவிட்டதால், பிற்கால ஊக்குகளை அகழாய்வாளர்கள் கல்லறையில் எதிர்பார்க்க முடியாது. இரண்டாவது, பயத்தில் புதைத்தது. ஸ்டாஃபர்ட்ஷயரில் பீஸ்டன் டோர் குன்றின் குகையில் 1924இல் இரண்டு வெள்ளிப் புரூச்சுகளும் காசுகளும் கிடைத்தன; காலம் 875 வாக்கில். அதற்கு ஓரிரு ஆண்டுகளுக்கு முன்னால்தான் வைக்கிங் பெரும்படை அருகிலுள்ள ரெப்டனில் குளிர்காலம் முழுவதும் முகாமிட்டிருந்தது. ஒளித்தவர் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது, சும்மா கழன்று விழுந்தது. வார்முனையைப் பிடித்திருப்பவை இரண்டே சிறு ஆணிகள். வார் இற்றுப்போனால் அது விழுந்த சத்தம்கூடக் கேட்காது.

ஏதாவது கிடைத்தால் பணக்காரர் ஆகிவிடலாமா? யாருக்குச் சொந்தம்?

இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பொருந்தும். 1997 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொருளில் எடைக்குக் குறைந்தது 10 விழுக்காடு பொன்னோ வெள்ளியோ இருந்தால் அது புதையல். கிடைத்த 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். யாருக்குத் தெரியுமா? திடீர் மரணங்களை விசாரிக்கும் கொரோனர் என்ற அதிகாரிக்கு. பழைய மரபு, இன்னும் விட்டபாடில்லை. நடைமுறையில் மாவட்டத்துத் தொல்பொருள் தொடர்பு அலுவலரிடம் ஒப்படைத்தால் அவர் மற்றதைப் பார்த்துக்கொள்வார். ஒரு மியூசியம் விரும்பினால் மதிப்பீட்டுக் குழு விலை வைக்கும். அந்தத் தொகையைப் பொதுவாகக் கண்டெடுத்தவரும் நில உரிமையாளரும் பாதிப் பாதி எடுத்துக்கொள்வார்கள். எந்த மியூசியமும் கேட்கவில்லை என்றால் பொருள் திரும்பி வந்துவிடும்.

ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு. அங்கே நில உரிமையாளருக்குப் பங்கில்லை. 2014இல் டிடெக்டர்காரர் ஒருவர் கண்டுபிடித்த கால்லோவே புதையலில் ஆங்கிலோ-சாக்சன் புரூச்சுகளும் இருந்தன; 2017இல் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகம் அதற்கு 19.8 லட்சம் பவுண்டு திரட்டியது. இதைப் படித்துவிட்டு டிடெக்டர் வாங்கக் கிளம்பாதீர்கள். பத்து ஆண்டில் நான் எடுத்ததில் பெரும்பகுதி டிராக்டர் ஆணியும் பானத் தகர மூடியும்.

1996க்கு முன்னால் எப்படி?

வேடிக்கையாக இருந்தது. திரும்ப எடுக்கும் எண்ணத்தோடு ஒளித்து வைத்தது என்று நிரூபித்தால்தான் அரசுக்கு உரியது. 1939இல் சட்டன் ஹூவில் கப்பலோடு அவ்வளவு பொன் கிடைத்தபோது, ஊரறியப் புதைத்ததை யார் திரும்ப எடுக்க நினைத்திருப்பார்கள் என்று தீர்ப்பாகி எல்லாமே நில உரிமையாளரான ஈடித் பிரிட்டிக்குப் போயின. அவர் நாட்டுக்குக் கொடுத்துவிட்டார், பெரிய மனசு.

நார்ஃபோக்கின் பென்ட்னி ஊர்க் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1977இல் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டியவருக்கு ஆறு வட்டத் தகடுகள் கிடைத்தன. பாதிரியாரிடம் கொடுத்தார், அவர் தேவாலயத்துக்குள்ளேயே பத்திரமாக வைத்தார். 1980இல் புதிதாக வந்த பாதிரியார்தான் இது வேறு ஏதோ என்று சந்தேகப்பட்டார். 9ஆம் நூற்றாண்டு ஊடுவெட்டு வெள்ளிப் புரூச்சுகளில் ஆகச் சிறந்த தொகுதி மூன்று ஆண்டுகள் அங்கே கிடந்திருக்கிறது.

அகழாய்வாளர்களுக்கு உங்களைப் போன்றவர்களைக் கண்டால் ஆகாது என்கிறார்களே?

ஒரு காலத்தில் ஆகவே ஆகாது. 1997இல் தொடங்கிய தொல்பொருள் பதிவுத் திட்டம் நிலைமையை மாற்றியது. கிடைத்ததைக் காட்டுங்கள், பதிந்துகொண்டு திருப்பித் தருகிறோம் என்றார்கள். இன்று அதன் தரவுத்தளத்தில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள். பெரும்பான்மை பொழுதுபோக்காளர்கள் கொண்டுவந்தவை. மேலே சொன்னபடி பிற்காலக் கல்லறைகளில் ஊக்கு கிடைப்பது அரிது. ஆகவே 9ஆம் நூற்றாண்டு வார்முனைகளைப் பற்றி இன்று அறிந்திருப்பதில் பெரும்பங்கு உழுத மேல்மண்ணிலிருந்து வந்தது.

குறை இல்லாமல் இல்லை. வேலையின் பகுதியாகக் கண்டெடுக்கும் அகழாய்வாளருக்குப் பரிசுத் தொகை கிடையாது, எங்களுக்கு உண்டு. அது அவர்களுக்கு உறுத்துவதில் வியப்பில்லை. அதைவிட, ஆர்வத்தில் உழவுமண்ணுக்குக் கீழே தோண்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கலையாத மண்ணைக் கலைத்துவிட்டால் பொருள் மட்டும்தான் மிஞ்சும். எதன் பக்கத்தில், எந்த அடுக்கில் கிடந்தது என்பது போய்விடும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்.

பொருளைக் கொடுத்துவிட்டு, இடத்தை மட்டும் சொல்லாமல் விட்டால் என்ன குடிமுழுகிவிடும்?

ஒரு கொக்கித் தகட்டை வைத்துச் சொல்கிறேன். இது எதற்கு என்று நீண்ட காலம் கேள்வி இருந்தது. வின்செஸ்டர் கல்லறை ஒன்றில் முழங்காலருகே ஜோடியாகக் கிடந்ததால், காலுறைப் பட்டியைப் பூட்டியது என்று ஒரு விடை கிடைத்தது. இன்னொரு விடை ரோமிலிருந்து. 1883இல் ரோம் நகரின் பழைய மன்றத்தில், வெஸ்டல் கன்னியர் என்ற பழைய ரோமப் பெண் பூசாரிகளின் மாளிகையைத் தோண்டியபோது ஒரு பானையில் 800க்கும் மேற்பட்ட ஆங்கிலோ-சாக்சன் வெள்ளிக்காசுகள். கூடவே இரண்டு வெள்ளிக் கொக்கித் தகடுகள். அவற்றில் லத்தீனில் "திருத்தந்தை மரீனுஸ் பெருமானுக்கு" என்று பொறித்திருந்தது. 942 முதல் 946 வரை போப்பாக இருந்த இரண்டாம் மரீனுஸ். இங்கிலாந்திலிருந்து காணிக்கை போன பணப்பையின் வாயைப் பூட்டிய கொக்கிகள் அவை என்று கருதுகிறார்கள்.

இப்போது அதே இரண்டு தகடுகள் எங்கே கிடைத்தன என்ற தகவல் இல்லாமல் ஒரு ஏலக் கடையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலும் இல்லை, காசுப் பானையும் இல்லை. எழுத்துப் பொறித்த இரண்டு கொக்கிகள், அவ்வளவே. இரவில் திருட்டுத்தனமாகத் தோண்டுபவர்களால் வரும் நட்டமும் இதுதான். 2015இல் ஹெர்ஃபோர்ட்ஷயரில் ஒரு புதையலை எடுத்து மறைத்த இருவர் சிறைக்குப் போனார்கள். அதிலிருந்த சுமார் 300 காசுகளில் கொஞ்சம்தான் மீட்கப்பட்டது.

இணையத்தில் ஒரு வெள்ளிப் புரூச் விலைக்கு வருகிறது. அசலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

படத்தை வைத்து நான் சொல்லமாட்டேன்; சொல்கிறவரையும் நம்பாதீர்கள். முதலில் முதுகின் படத்தைக் கேளுங்கள். ஊசி புத்தம்புதிதாகப் பளபளத்தாலோ, அச்சில் வார்த்த தையல் தெரிந்தாலோ, கறுப்பு பள்ளத்துக்குள் அடங்காமல் பெயின்ட் மாதிரி விளிம்பில் வழிந்திருந்தாலோ விலகிவிடுங்கள். அதோடு, பதிவுத் திட்டத்தின் எண்ணோ, புதையல் விசாரணைக்குப் பின் திருப்பித் தந்ததற்கான கடிதமோ கேளுங்கள். 1997 செப்டம்பருக்குப் பிறகு இங்கே கிடைத்த அசல் வெள்ளி என்றால் அப்படி ஒரு தாள் இருந்தாக வேண்டும். "தாத்தா காலத்துச் சேகரிப்பு" என்று பதில் வந்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

வெள்ளியா செம்பா என்று தெரியாமல் கலந்திருந்தால்?

இது கொஞ்சம் சிக்கல்தான். 860களில் காசு வெள்ளியின் தரமே வெகுவாக விழுந்தது. ஆல்ஃபிரட் 875 வாக்கில்தான் சீர்செய்தார். நகைகளிலும் கலப்பு கூடக் குறைய இருக்கும். கண்ணுக்குச் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் மியூசியத்தில் கதிர்வீச்சுக் கருவியால் மேல்பரப்பைச் சோதிப்பார்கள். 10 விழுக்காட்டுக்கு மேல் என்றால் புதையல். 2023 ஜூலையிலிருந்து இன்னொரு விதியும் சேர்ந்திருக்கிறது: 200 ஆண்டுகளுக்கு மேற்பட்டு, வரலாற்று முக்கியத்துவம் மிக்கதாக இருந்தால், உலோகம் எதுவானாலும் புதையல் ஆகலாம். ஆகவே சந்தேகம் இருந்தால் நீங்களே தீர்மானிக்காமல் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.

ஒற்றைக் காசு கிடைத்தால் அது புதையல் இல்லை என்று படித்தேன். அப்படியானால் காசிலேயே செய்த ஊக்கு?

நல்ல கேள்வி, எங்கள் டிடெக்டர் சங்கத்து நண்பர்களே இதில் தடுமாறுவார்கள். தனியாகக் கிடைத்த ஒரு காசு பொதுவாகப் புதையல் ஆகாது. ஆனால் அதன் மேல் ஊசியைப் பற்றவைத்துவிட்டால் அது காசு இல்லை, அணிகலன். 300 ஆண்டும் வெள்ளியும் பொருந்தினால் புதையல்தான்.

எட்வர்ட் கன்ஃபெசர் மன்னரின் வெள்ளிக்காசுகளை 1050, 60களில் இப்படி ஊக்காக்கியிருக்கிறார்கள். காசின் ஒரு பக்கம் மன்னர் முகம், மறுபக்கம் சிலுவை. சிலுவைப் பக்கத்துக்கு மட்டும் பொன்முலாம் பூசியிருக்கும். ஊசி மன்னர் முகத்தின் மேல். அணிந்தவரின் நெஞ்சில் வெளியே தெரிந்தது சிலுவை; மன்னர் உள்பக்கமாகத் துணியில் முகம் புதைத்துக் கிடந்தார்.